ரைட் ஃபீல்டில் நின்ற இச்சிரோ: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

நானே ஆரம்பிக்கிறேன். 2004-ல் சியாட்டிலில் வேலை. பேஸ்பால் பற்றி அப்போது எனக்கு ஒரு மண்ணும் தெரியாது, ஆபீஸில் ஒருத்தர் டிக்கெட் மிச்சம் இருக்கிறது என்று சொன்னதால் சேஃப்கோ ஃபீல்டு ஸ்டேடியத்துக்குப் போனேன், இடம் ரைட் ஃபீல்டு, அதாவது மைதானத்தின் வலது கோடி, சுவரை ஒட்டிக் கிடைத்தது. சியாட்டில் மரைனர்ஸ் அணிக்காக அங்கே ஃபீல்டிங் நின்ற ஜப்பான்காரர் இச்சிரோ சுசுகியின் ஜெர்சி நம்பர் 51, அதனால் அந்தப் பக்கத்துக்கே 'ஏரியா 51' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர் பேட்டிங்கைப் பார்க்கத்தான் எல்லோரும் வருகிறார்கள் என்று நினைத்தேன், ஆனால் பந்தே வராத நேரத்தில் அந்த மனுஷன் செய்கிறதைப் பார்க்கவே காசு கொடுக்கலாம். ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் நடுவில் குனிவார், தோளை முறுக்குவார், காலை அகட்டி உட்கார்ந்து எழுவார், சும்மா நின்று நான் பார்க்கவில்லை. பிராக்டிஸில் உயரமாக வருகிற பந்தை முதுகுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய்ப் பிடிப்பார், பக்கத்தில் இருந்த பிள்ளைகள் கத்திய கத்தலில் என் காது அடைத்துவிட்டது.

அப்புறம் ஒன்று. எதிரணிக்காரன் அவர் பக்கம் ஒரு சிங்கிள் (ஒரு பேஸ் ஓடக் கிடைக்கிற அடி) அடித்தான். ஏற்கெனவே ஃபர்ஸ்ட் பேஸில் (ரன் எடுக்க வரிசையாகத் தொடவேண்டிய தளங்களில் முதலாவது) இருந்த அவன் அணிக்காரன் செகண்டைத் தாண்டி நாலு எட்டு வைத்தான், இச்சிரோ கையில் பந்தைப் பார்த்ததும் அப்படியே திரும்பிவிட்டான். பந்தை வேகமாக எறியக்கூட வேண்டியிருக்கவில்லை. பக்கத்து சீட் பெரியவர்தான் காரணம் சொன்னார்: 2001 ஏப்ரலில் ஓக்லாந்தில் டெரன்ஸ் லாங் இதே மாதிரி தேர்டுக்கு ஓடியபோது, இச்சிரோ எறிந்தது நேராகத் தேர்ட் பேஸ்மேன் கையுறையில் போய் விழுந்தது, அதிலிருந்து எவனும் சுலபத்தில் ஓடுவதில்லையாம். ஓடாமல் நின்றுபோனவனுக்கு எந்த ஸ்கோர் புத்தகத்தில் கணக்கு இருக்கிறது? சிறந்த ஃபீல்டிங்குக்கான கோல்டு குளோவ் விருதைத் தொடர்ந்து பத்து வருஷம் வாங்கியவர், இருந்தும் ஜனங்கள் அந்த வருஷம் அடித்த 262 ஹிட்டை (அடித்துவிட்டுப் பத்திரமாக பேஸ் சேர்ந்த கணக்கு) பற்றியேதான் பேசுவார்கள். 1920-ல் ஜார்ஜ் சிஸ்லர் வைத்த ஒரே சீசன் சாதனையான 257-ஐ உடைத்த கணக்கு, பேசட்டும், தப்பில்லை.

* * *

அண்ணா, நான் 2012 ஜூலை 23 அன்று அதே ஸ்டேடியத்தில் இருந்தேன். மரைனர்ஸ் இச்சிரோவைப் பார்க்கத்தான் டிக்கெட் எடுத்தது, சாயந்தரம் பார்த்தால் ஆளை நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு மாற்றிவிட்டார்கள், அதே ராத்திரி சியாட்டிலை எதிர்த்து விளையாடுகிறார்! சாம்பல் ஜெர்சி, நம்பர் 31, எட்டாவதாக பேட்டிங். முதல் தடவை வந்தபோது மொத்தக் கூட்டமும் எழுந்து நின்றது, ஹெல்மெட்டைக் கழற்றிக் குனிந்து வணங்கினார். சரி, நெகிழ்ச்சியில் கோட்டை விடுவார் என்று பார்த்தால் ஒரு ஹிட் அடித்து உடனே, யாரும் பந்தை அடிக்காமலேயே ஓடி, செகண்ட் பேஸையும் திருடிவிட்டார். என் பக்கத்தில் மரைனர்ஸ் தொப்பி போட்டவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே திட்டினார்.

* * *

டோக்கியோவில் இருப்பதால் எனக்குக் கிடைத்தது அவருடைய கடைசி ஆட்ட நாள். 2019 மார்ச் 21, டோக்கியோ டோம், மறுபடி மரைனர்ஸுக்காக, ஓக்லாந்துக்கு எதிராக. ஆட்டம் நடக்கும்போதே ஓய்வுச் செய்தி போனில் வந்துவிட்டது. எட்டாவது இன்னிங்ஸில் ஷார்ட்ஸ்டாப் (செகண்டுக்கும் தேர்டுக்கும் நடுவில் நிற்கும் ஃபீல்டர்) பக்கம் பந்தை உருட்டிவிட்டு 45 வயதில் உயிரைக் கொடுத்து ஓடினார், மயிரிழையில் அவுட். அன்றைக்கு ஒரு ஹிட்கூட இல்லை. பிறகு வழக்கம்போல ரைட் ஃபீல்டுக்குப் போய் நின்றார், அங்கிருந்துதான் திரும்பக் கூப்பிட்டார்கள். அவர் வந்து சேர்ந்ததும் சக வீரர் கிகுச்சி யுசெய் தேம்பி அழுதார். பன்னிரண்டு இன்னிங்ஸ் முடிந்தும் கூட்டம் கலையவில்லை, திரும்ப வெளியே வந்து மைதானத்தை ஒரு சுற்று வந்த பிறகுதான் மெதுவாக நகர ஆரம்பித்தோம்.

ஜப்பானில் 1278, அமெரிக்காவில் 3089 ஹிட். இரண்டையும் கூட்டலாமா என்ற சண்டைக்கு நான் வரவில்லை.

* * *

மறுபடியும் நான்தான், முதலில் எழுதியவன். இது நேரில் பார்த்ததில்லை, ஆனால் இதைச் சொல்லாமல் முடியாது. பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேமுக்கு (சாதனையாளர்களின் கௌரவ மண்டபம்) பத்திரிகையாளர்கள் போட்ட 394 ஓட்டில் இச்சிரோவுக்கு 393 கிடைத்தது. ஓட்டுப் போடாத அந்த ஒரு பத்திரிகையாளரை வீட்டுக்குக் கூப்பிட்டு ஒரு கிளாஸ் சேர்ந்து குடிக்க ஆசை என்று ஜனவரியில் சொல்லிவைத்தார். ஆள் யார் என்று தெரியவே இல்லை. 2025 ஜூலையில் அந்த மண்டபம் இருக்கிற கூப்பர்ஸ்டவுன் மேடையில், மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் ஆங்கிலத்திலேயே பேசியவர், அந்த அழைப்பு காலாவதியாகிவிட்டது என்று அறிவித்துவிட்டார்.