பூட்டிய அறையும் பத்திரப் பெட்டியும்: கோதிக் காதல் நாவல்களில் எதைத் தேடி வாசிப்பது?

கானாடுகாத்தான் வாசகி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். கோதிக் என்று ஆங்கிலத்தில் வகைப்படுத்தப்படும் பழங்காலக் காதல் நாவல்களைச் சில மாதங்களாகத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். விக்டோரியா ஹோல்ட் 1960இல் எழுதிய 'மிஸ்ட்ரஸ் ஆஃப் மெல்லின்' நாவலில் தொடங்கி, டாஃப்னி டூ மாரியேயின் 'ரெபெக்கா'வை (1938) வாசித்து, இப்போது சார்லட் பிராண்டியின் 'ஜேன் அயர்' நாவலையும் (1847) முடித்திருக்கிறேன். ஒரு பெரிய பழைய மாளிகை, வேலைக்காகவோ மனைவியாகவோ அங்கே வந்து சேரும் ஆதரவற்ற இளம்பெண், மனத்தில் உள்ளதைச் சொல்லாத வீட்டுக்காரர், யாரும் பேச விரும்பாத முதல் மனைவி என்று மூன்றிலும் ஒரே சட்டகம் இருப்பதைக் காண்கிறேன்.

எனக்கு இரண்டு ஐயங்கள் உள்ளன. மர்மம் இன்னதுதான் என்பதைப் பாதிக் கதைக்குள் ஏறக்குறைய ஊகித்துவிட முடிகிறது. ஆனாலும் புத்தகத்தைக் கீழே வைக்க முடிவதில்லை. அப்படியானால் இவற்றில் நம்மைப் பிடித்து வைப்பதுதான் என்ன? அடுத்தது நாயகனைப் பற்றியது. பெண் கேட்டு வரும் வீட்டார் இதில் பத்தில் ஒரு பங்கை மறைத்திருந்தாலும் நம் பக்கத்தில் திருமணப் பேச்சு அதோடு முறிந்துவிடும். இந்த நாவல்களோ, இத்தனையும் மறைத்த மனிதரை நாம் விரும்ப வேண்டும் என்று எதிர்பார்க்கின்றன. இதை எப்படி எடுத்துக்கொள்வது?

தேவகோட்டை ஆசிரியர்:

ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் முதல் ஐயத்துக்கு மட்டும் என் கருத்தைச் சொல்கிறேன். பேயைத் தேடி இந்த நாவல்களை வாசித்தால் ஏமாற்றமே மிஞ்சும். சொத்துப் பத்திரத்தைத் தேடி வாசியுங்கள். இந்த வகையின் தொடக்கம் என்று கருதப்படும் ஹொரேஸ் வால்போலின் 'காசில் ஆஃப் ஒட்ராண்டோ' 1764இல் வெளிவந்தது. வானத்திலிருந்து விழும் ராட்சதத் தலைக்கவசம், சட்டத்திலிருந்து இறங்கி நடக்கும் ஓவியம் என்று அதில் வேடிக்கைகள் பல உண்டு. ஆனால் அத்தனையும் கடைசியில் வந்து நிற்கும் இடம் எது தெரியுமா? இப்போது கோட்டையை ஆள்பவரின் பாட்டனார், தம் எஜமானருக்கு நஞ்சு வைத்துவிட்டு, பொய்யான உயில் ஒன்றைக் காட்டிச் சொத்தைக் கைப்பற்றியவர் என்பதுதான். மாயம் முழுவதும் ஒரு போலி உயிலின் மேல் கட்டப்பட்டிருக்கிறது.

ஆன் ராட்கிளிஃபின் 'மிஸ்டரீஸ் ஆஃப் உடால்ஃபோ'வும் (1794) அப்படித்தான். மலைக்கோட்டையில் அடைபட்டிருக்கும் நாயகி எமிலியிடம், அவளை அடைத்து வைத்த கொடியவன் கேட்பது காதலை அன்று. அவளுடைய நிலங்களை விட்டுக்கொடுக்கும் தாளில் ஒரு கையெழுத்தைத்தான். ராட்கிளிஃப் தம் கதையில் வரும் அமானுஷ்யங்களுக்கெல்லாம் இறுதியில் இயல்பான விளக்கம் தந்துவிடுவார். சொத்து ஆசைக்கு விளக்கமே தேவைப்படுவதில்லை. ஆகவே, இந்த வீடு யார் பெயரில் இருக்கிறது, இதற்கான பணம் எங்கிருந்து வந்தது என்ற இரண்டு கேள்விகளோடு 'ஜேன் அயர்' நாவலை இன்னொரு முறை புரட்டிப் பாருங்கள்.

பள்ளத்தூர்க்காரர்:

ஆசிரியர் ஐயா சொல்வது சுவையாகவே இருக்கிறது. இருந்தாலும் இந்தக் கதைகளை நம் ஊர் வீடுகளோடு சேர்த்து வைத்துப் பார்க்கும் வழக்கத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. பூட்டிய செட்டிநாட்டு வீடு ஒன்றின் படத்தைப் பார்த்ததும் மர்ம மாளிகை என்று எழுதிவிடுகிறார்கள். முகப்பைத் தாண்டினால் வளவு. வளவின் நடுவே திறந்த வானம். வெயிலும் மழையும் நேராக உள்ளே விழுகின்றன. முட்டை வெண்கரு சேர்த்துத் தேய்த்த சுண்ணாம்புச் சுவர் கண்ணாடியாகப் பளபளக்கிறது. நிழல் ஒளிந்துகொள்ள இடம் ஏது? அதைவிட முக்கியமானது, அங்கே யாரும் தனியாக இருந்ததில்லை என்பது. மணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை, அவரவருக்குத் தனி உலை, இரண்டாம் கட்டில் ஆச்சிமார் பேச்சு என்று நாள் முழுவதும் ஆள் நடமாட்டம் உள்ள வீட்டில், மேல்மாடியில் ஒரு பெண்ணை அடைத்து வைத்தால் அடுத்த வேளைச் சாப்பாட்டுக்குள் ஊருக்கே தெரிந்துவிடும்.

காரைக்குடி வழக்கறிஞர்:

பள்ளத்தூர் அண்ணன் வீட்டைச் சரியாகச் சொல்லிவிட்டு, முடிவை மட்டும் அவசரமாகச் சொல்லிவிட்டார் என்று நினைக்கிறேன். வேறுபாடு வெளிச்சத்தில் இல்லை, பாகப்பிரிவினையில் இருக்கிறது.

'ஜேன் அயர்' நாவலின் வீட்டுக்காரரான ராச்செஸ்டர் இளைய மகன். நிலத்தைத் துண்டாக்கக் கூடாது என்பதற்காகத் தந்தை எல்லாவற்றையும் மூத்தவருக்கே எழுதுகிறார். இளையவர் ஏழையாகிவிடக் கூடாது என்பதற்காக, ஜமைக்கா தோட்ட முதலாளி ஒருவரின் மகளை 30,000 பவுன் சீரோடு கட்டி வைக்கிறார். பெண்ணின் குடும்பத்தில் இருந்த மனநோயை மறைத்தவர்கள் இருபுறத்துப் பெரியவர்களுந்தாம். மாடியறையில் பூட்டப்பட்டிருக்கும் அந்த முதல் மனைவி அந்தக் கணக்கின் மிச்சம். 'ரெபெக்கா'விலும் பாருங்கள்: வேறொருவனுக்குப் பிறக்கும் பிள்ளை மாண்டர்லி மாளிகைக்கு வாரிசாகிவிடும் என்று முதல் மனைவி சீண்டிய பிறகுதான் துப்பாக்கி வெடிக்கிறது. ஒரே வாரிசு, பிரிக்கப்படாத ஒரே மாளிகை என்ற ஏற்பாடு இல்லையென்றால் இந்தக் கதைகளில் பாதி நடந்தே இருக்காது.

நம் பக்கத்தில் மணமான மகன் ஒவ்வொருவரும் தனிப் புள்ளி, அதாவது தனிக் குடும்பக் கணக்கு. வீட்டில் எல்லாருக்கும் பங்கு உண்டு. ஆகவே நம் ரகசியங்கள் அறையில் இருப்பதில்லை, கணக்கேட்டில் இருக்கின்றன. பிள்ளை இல்லாத வீட்டுக்குப் பிள்ளை கூட்டுவது, அதாவது தத்தெடுப்பது, இங்கே வெளிப்படையாக நடக்கும் வழக்கம். கவிஞர் கண்ணதாசனே சிறுகூடல்பட்டியில் பிறந்து காரைக்குடிக்குச் சுவீகாரம் வந்தவர்தாம். ஆனால் எந்தப் பிள்ளையை, யார் சொல்லி, எதற்காகக் கூட்டினார்கள் என்பதற்கு ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு கதைகள் இருக்கும். கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, பர்மாவுக்குப் போனவர் மூன்றாண்டுத் தவணை முடிந்து வரும் வரை ஆச்சி இங்கே காத்திருப்பார். அங்கே அவருக்கு இன்னொரு குடும்பம் உண்டா என்பதைக் கடிதம் சொல்லாது, பேரேட்டில் மாதந்தோறும் விழும் ஒரு பற்று சொல்லக்கூடும். 1942இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் வந்தபோது பலர் காட்டு வழியே நடந்து திரும்பினார்கள். பல கடைகளின் கணக்கு அங்கேயே நின்றுபோயிற்று. தனிமைக்கு வேறென்ன வேண்டும்? முப்பது பேர் இருக்கும் வீட்டிலும் ஒருத்தி தனியாக இருக்க முடியும், அண்ணே.

கானாடுகாத்தான் வாசகி:

மூவருக்கும் நன்றி. ஏட்டில் இருக்கும் ரகசியம் என்ற பார்வை, நான் வாசித்தவற்றையே வேறாகக் காட்டுகிறது. ஆனால் நாயகனைப் பற்றிய என் கேள்வியை எல்லாரும் அழகாகத் தாண்டிப் போய்விட்டீர்கள்.

புதுவயல் ஆச்சி:

அதற்கு நான் பதில் சொல்கிறேன் தங்கச்சி; ஆண்கள் சொத்துக் கணக்கிலேயே நின்றுவிடுவார்கள்.

ராச்செஸ்டரை நீங்கள் மன்னிக்க வேண்டியதில்லை, ஏனென்றால் ஜேன் அவரை எளிதில் மன்னித்துவிடவில்லை. திருமணம் நிச்சயமான பிறகு அவர் பட்டும் நகையுமாக வாங்கிக் குவிக்கிறார்; தன்னைப் பொம்மைபோல அலங்கரிப்பது அவளுக்குக் கூசுகிறது. தனக்கென்று சிறிதளவாவது பணம் இருந்தால் இந்தக் கூச்சம் இருக்காதே என்று எண்ணி, மதீராத் தீவில் வணிகம் செய்யும் சிற்றப்பாவுக்குத் தன் திருமணச் செய்தியை எழுதுகிறாள். ராச்செஸ்டரின் முதல் மனைவிக்குச் சகோதரரான மேசன், அந்தச் சிற்றப்பாவின் கடையோடு தொழில் தொடர்பு உடையவர். கடிதம் வந்து சேரும்போது அவரும் தற்செயலாக அங்கே இருக்கிறார். மணமேடையில் தடை வருவது இப்படித்தான். அதாவது, மாடியில் கேட்ட சிரிப்பொலி இந்த ரகசியத்தை உடைக்கவில்லை. தன் கையில் காசு வேண்டும் என்று ஒரு பெண் எழுதிய கடிதம் உடைத்தது. கடையும் கடிதமுமாக வாழ்ந்த குடும்பத்துப் பெண்கள் அந்த அத்தியாயத்தை விட்டுவிடக் கூடாது.

அதன் பிறகு அவர் தந்த நகைகளை எடுத்துக்கொள்ளாமல் அவள் வீட்டை விட்டுப் போகிறாள். பிறகு அந்தச் சிற்றப்பாவின் 20,000 பவுன் அவளுக்கு வருகிறது. அதை மூன்று அத்தை மக்களோடு சமமாகப் பங்கிட்டு, 5,000 பவுனைத் தனக்கு வைத்துக்கொள்கிறாள். ராச்செஸ்டரிடம் திரும்பி வரும்போது அவள் யாருடைய சம்பளத்திலும் இல்லை. மணமான பெண் தன் சொத்தைத் தனியாக வைத்துக்கொள்ள இங்கிலாந்தில் முழுமையான சட்டம் வந்தது 1882இல்தான் என்பதை நினைத்தால், 1847இல் இப்படி எழுதியதன் துணிவு விளங்கும்.

'ரெபெக்கா'வின் நாயகிக்குப் பணமும் இல்லை, நமக்குச் சொல்லப்படும் ஒரு பெயரும் இல்லை. கணவன் கொலை செய்தான் என்று கேட்டதும், அவன் முதல் மனைவியை நேசிக்கவில்லை என்பதே அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருக்கிறது. அவளோடு சேர்ந்து நாமும் ஆறுதல் அடைந்துவிட்டோமே என்று பிறகு கூசவைப்பதுதான் அந்த நாவலின் வேலை என்பது என் எண்ணம். எனக்கு அதுவே மேலானது. பலர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

அடுத்து 'உடால்ஃபோ'வை எடுங்கள், ஆனால் பொறுமையோடு எடுங்கள். முதல் பாகம் முழுவதும் மலைக்காட்சிதான், கோட்டை இரண்டாம் பாகத்தில்தான் வரும். அதை முடித்த கையோடு ஜேன் ஆஸ்டினின் 'நார்த்தாங்கர் அபே'. அதன் நாயகி, உடால்ஃபோவை வாசித்த மயக்கத்தில், விருந்தாளியாகப் போன வீட்டின் கறுப்பு அலமாரியில் ஒரு சுருள் தாளைக் கண்டெடுத்து இரவெல்லாம் நடுங்குகிறாள். விடிந்து பார்த்தால் அது சலவைக் கணக்கு. எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டிகளைத் திறந்தவர்களுக்கு அந்த ஏமாற்றம் புதிதாக இருக்காது. நான் சொன்ன பழைய நூல்களில் 'ரெபெக்கா' தவிர மற்றவை குட்டன்பர்க் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.