அப்டேட்: தாத்தா வீட்டு ரேழி, வாசல் வேலை

ரேழி (வாசலுக்கும் உள் வீட்டுக்கும் நடுவுல இருக்கிற நடை) சுவர்ல பெயிண்ட் உப்பி உதிருதுன்னு முன்னாடி கேட்டிருந்தேன்ல, அந்த வேலை முடிஞ்சுது. நீங்க சொன்ன மாதிரி அது சுண்ணாம்புக் காரைச் சுவர்தான், மேல எமல்ஷன் (பிளாஸ்டிக் பெயிண்ட்) அடிச்சிருந்ததால தரையில இருந்து ஏறுற ஈரம் வெளிய போக வழியில்லாம பெயிண்ட்டைத் தள்ளிட்டு வந்திருக்கு. எல்லாத்தையும் சுரண்டி, பெயர்ந்த இடத்துல சிமென்ட் வைக்காம சுண்ணாம்புக் காரையே பூசி, நல்லா காய விட்டு ரெண்டு மூணு கோட் சுண்ணாம்பு வெள்ளையடிச்சாச்சு. சாஞ்சா சட்டையில லேசா ஒட்டுது, பரவால்ல.

வாசல் நிலைதான் செம சர்ப்ரைஸ், பச்சை எனாமலுக்கு அடியில அருமையான தேக்கு! லின்சீட் ஆயில் (ஆளி விதை எண்ணெய்) மட்டும் தேச்சிருக்கோம் (அந்த எண்ணெய்த் துணிய சுருட்டிப் போட்டுடாதீங்க, தானா தீப்பிடிக்கும், தண்ணில நனைச்சு விரிச்சுக் காய விடுங்க). திண்ணை ரெட் ஆக்ஸைடு தரைய உடைச்சு டைல்ஸ் போடணும்னு சித்தப்பா இன்னும் அடம், அது மட்டும் பேச்சுவார்த்தையில இருக்கு.