பெர்மிட் ஆப் வந்த பிறகு களத்தில் என்ன மாறியது?

சேஃப்டி ஆபீசர், ரசாயன ஆலை

ஆபத்தான வேலையைத் தொடங்கும் முன் வாங்க வேண்டிய எழுத்து அனுமதிதான் பெர்மிட். அதைக் காகிதத்தில் எழுதுவதை விட்டு ஆப்புக்கு மாறியவர்கள் எழுதுங்கள். விற்க வந்தவர் ஸ்லைடில் காட்டியது வேண்டாம், வேலை நடக்கும் இடத்தில் நீங்கள் பார்த்தது வேண்டும். நானே தொடங்குகிறேன்.

எங்களுக்குக் கிடைத்த பெரிய லாபம் காகிதம் மிச்சமானது இல்லை. நடப்பில் இருக்கும் பெர்மிட்டெல்லாம் ஒரே வரைபடத்தில் தெரிவதுதான். பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தும் ஒரு ஷட்டவுனில், குழாய்களைத் தாங்கும் பைப் ரேக்கின் மேல்தட்டில் வெல்டிங் செய்ய ஒரு கான்ட்ராக்டர் பெர்மிட் கேட்டார். அதே ரேக்குக்குக் கீழே எளிதில் தீப்பிடிக்கும் சால்வென்ட் லைனை வடிக்க இன்னொரு குழு காலையிலேயே பெர்மிட் வாங்கியிருந்தது. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டிலும் குறை சொல்ல முடியாது. ஆப் இரண்டையும் மோதல் என்று காட்டியது, வெல்டிங்கை அடுத்த ஷிப்டுக்குத் தள்ளினோம். முன்பானால் ஒன்று ஆபரேஷன் மேசையிலும் மற்றது பராமரிப்பு மேசையிலும் கிடந்திருக்கும்.

வடகடலில் இருந்த பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடையில் 1988 ஜூலை 6 இரவு நடந்ததும் இதற்குப் பக்கத்தில் வருவதுதான். ஒரு பம்பைப் பழுதுபார்க்க ஒரு பெர்மிட், அதே பம்பின் பாதுகாப்பு வால்வைக் கழற்ற வேறொரு பெர்மிட். பழுதுபார்ப்பு இன்னும் தொடங்கவில்லை என்பது இரவு ஷிப்டுக்குத் தெரியும். வால்வு கழற்றப்பட்டிருப்பது தெரியாது. ஓடிக்கொண்டிருந்த பம்ப் நின்றதும் இதை இயக்கப் போனார்கள். வால்வு இருந்த இடத்தில் கசிந்து வெடித்தது, 167 பேர் இறந்தார்கள். அதனால் எந்த ஆப்பை வாங்கினாலும் நான் முதலில் கேட்பது ஒன்றே: ஒரு கருவியின் எண்ணைத் தட்டினால், அதன் மேல் இருக்கும் எல்லா பெர்மிட்டும், நிறுத்தி வைத்தவை உட்பட, ஒரே திரையில் வருமா?

காஸ் டெஸ்ட் எடுப்பவர், டேங்க் சுத்திகரிப்புக் குழு

சார் சொன்னது சரி. என் பக்கம் கொஞ்சம் கசப்பானது.

ஆள் இறங்கும் முன் டேங்குக்குள் இருக்கும் காற்றை மீட்டரால் அளந்து பதிவது என் வேலை. எங்களுக்குக் கொடுத்த முதல் வடிவத்தில் ஆக்சிஜன் கட்டத்தில் 20.9 என்று முன்பே நிரம்பியிருந்தது! வேலை சீக்கிரம் முடியட்டும் என்று யாரோ செய்த உபகாரம். வெளிக்காற்றில் இருக்கும் அளவு அது. மீட்டரை உள்ளே இறக்காமலேயே 'அடுத்து' என்று தட்டிவிட்டுப் போகலாம். சண்டை போட்டு எடுக்க வைத்தோம். இன்னொரு குறை, அளவைப் பதிய ஒரே ஒரு கட்டம். ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனம், அடியில் தங்கும். மீத்தேன் லேசானது, மேலே போகும். மேல், நடு, அடி என மூன்று இடத்திலும் எடுத்ததை எந்தக் கட்டத்தில் போடுவது?

அப்புறம் அந்தப் பச்சை நிறம். பல இடங்களில் ஆக்சிஜனுக்கு 19.5 முதல் 23.5 சதவீதம் வரை வரம்பு வைத்திருப்பார்கள். 20.2 என்று போட்டால் ஆப் பச்சை காட்டும். ஆனால் நல்ல காற்றில் 20.9 இருந்தது 20.2 ஆகியிருக்கிறது என்றால், குறைந்த அந்த 0.7 எங்கே போனது? காற்றில் ஆக்சிஜன் ஐந்தில் ஒரு பங்குதான். வேறு வாயு ஒன்று புகுந்து தள்ளியிருந்தால், மூன்று சதவீதத்துக்கும் மேல், அதாவது முப்பதாயிரம் பிபிஎம்முக்கும் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) மேல் ஏதோ உள்ளே இருக்கிறது. நைட்ரஜனாக இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். துரு ஆக்சிஜனைத் தின்றிருக்கவும் கூடும். ஒரு டேங்கில் இதே மாதிரி வந்தபோது, பொறுப்பாளர் "ஆப் ஓகே காட்டுதே, ஏன் நிறுத்துறீங்க?" என்றார். ஆளை உள்ளே இறக்க மறுத்துவிட்டேன். தேடிப் பார்த்ததில் ஒரு நைட்ரஜன் லைனில் பிளைண்ட் (குழாயை அடைக்கும் இரும்புத் தகடு) போடாமல் வால்வை மட்டும் மூடியிருந்தார்கள், அது லேசாகக் கசிந்துகொண்டிருந்தது. இப்போது வெளிக்காற்று அளவிலிருந்து சிறிது விலகினாலும் 'காரணம் என்ன' என்று ஆப் கேட்கிறது. பச்சை விளக்கை முழுதாக எடுத்துவிட்டால் இன்னும் நிம்மதி, ஆனால் மேலே இருப்பவர்களுக்கு நிறம் வேண்டுமாம்.

வெல்டிங் ஃபோர்மேன், கான்ட்ராக்டர் தரப்பு

களத்துக்குப் போய்த்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஒவ்வொரு இடத்திலும் கியூஆர் ஒட்டினார்கள். ஒரே வாரத்தில் எல்லா கியூஆரையும் போட்டோ எடுத்து ஓய்வறைச் சுவரில் வரிசையாக ஒட்டிவிட்டார்கள் எங்கள் மகாத்மாக்கள். பிறகு ஆப்பில் டிக் அடிக்கும் சோதனைப் பட்டியல் எத்தனை விநாடியில் முடிந்தது என்று பார்க்கத் தொடங்கினார்கள். வேகமாக முடித்தவனுக்கு மெமோ. உடனே எல்லோரும் டிக் அடித்துவிட்டு, கொஞ்ச நேரம் போனைப் பையில் வைத்திருந்து அப்புறம் அனுப்பப் பழகிவிட்டார்கள். தண்டிக்கிற கருவி என்று தெரிந்தால் அதற்கு ஏற்ற பொய்தான் கிடைக்கும்.

எங்களுக்கு உண்மையில் உதவியது ஃபயர் வாட்ச் டைமர். வெல்டிங் முடிந்த பிறகும் தீப்பிடிக்கிறதா என்று ஓர் ஆள் காவல் இருப்பதுதான் ஃபயர் வாட்ச். கடைசித் தீப்பொறி எப்போது என்று பதிந்தால், அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் பெர்மிட்டை மூடும் பட்டனே திறக்காது. முன்பு அரை மணி நேரம்தான் வழக்கம். வெல்டிங் போன்ற வேலைகளுக்கான அமெரிக்கத் தீப்பாதுகாப்புத் தரநிலையான என்எஃப்பிஏ 51பி-யின் 2019 பதிப்பு அதை ஒரு மணி நேரம் ஆக்கியது. காகிதக் காலத்தில் சாப்பாட்டு மணி அடித்ததும் வாட்ச் ஆளையும் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

கன்ட்ரோல் ரூம் ஆபரேட்டர்

சிக்னல் பற்றி யாரும் பேசவில்லையே. டேங்குக்குள், பேஸ்மென்ட்டில், இரும்புச் சுவர் சூழ்ந்த இடத்தில் நெட் கிடையாது, ஆப் ஆஃப்லைனில் ஓடும். ஒரு முறை காஸ் அலாரம் அடித்ததும் அந்தப் பகுதியின் எல்லா பெர்மிட்டையும் ரத்து செய்தேன். என் திரையில் எல்லாம் ரத்து. கீழே இருந்தவரின் போனில் இன்னும் 'நடப்பில்'. வாக்கி டாக்கியில் கூப்பிட்டதால்தான் வெளியே வந்தார்கள். அதன் பிறகு விதி மாறியது: ரத்து என்றால் முதலில் குரல், பிறகுதான் பட்டன். சர்வரோடு சிறிது நேரம் தொடர்பு இல்லாவிட்டால் போனில் பெர்மிட் சாம்பல் நிறமாகிவிட வேண்டும் என்றும் கேட்டு வாங்கினோம்.

எரிவாயு இருக்கக்கூடிய பகுதிக்குள் சாதாரண போனைக் கொண்டு போகவே கூடாது, அதற்கென்று சான்று பெற்ற போன் வேண்டும். அதை வாங்கித் தராமல் ஆப்பை மட்டும் கொடுத்தால், அளவைக் கையுறையில் எழுதிக்கொண்டு கேட்டுக்கு வெளியே வந்துதான் பதிவார்கள். நேரமும் தவறாகவே விழும்.

ஃபிட்டர்

நான் சுருக்கமாகச் சொல்கிறேன். 'அனைத்து அபாயங்களும் கட்டுப்படுத்தப்பட்டுள்ளனவா?' என்று கேட்டால் எவனும் ஆம் என்றுதான் தட்டுவான். எங்கள் சூப்பர்வைசர் அக்கா அதைத் தூக்கிவிட்டு வேறு கேள்விகள் போட்டார். இயந்திரம் ஓடாதபடி மின்சாரத்துக்கு லாக் போட்ட பிறகு ஸ்டார்ட் பட்டனை அழுத்திப் பார்த்தாயா? உன் தலைக்கு மேலே யார் வேலை செய்கிறார்கள்? நேற்று இல்லாதது இன்று என்ன இருக்கிறது? கடைசிக் கேள்விக்கு டிக் கிடையாது, பேசிப் பதிய வேண்டும். படிக்கத் தெரியாத ஹெல்பர் ஒருவர் அதில்தான் சொன்னார், பள்ளத்தின் ஓரத்தில் இரவோடு இரவாக மண்ணைக் குவித்து வைத்திருக்கிறார்கள் என்று. அன்று யாரும் பள்ளத்தில் இறங்கவில்லை.

வேலையை நிறுத்தும் பட்டனும் ஆப்பில் இருக்கிறது. எங்கள் போனில் மூன்று திரை தாண்டிப் போக வேண்டும், முதல் திரைக்குக் கொண்டுவரச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். உங்கள் இடத்தில் எங்கே இருக்கிறது?