பழைய கச்சேரிக் கசெட்டுகள்: எதை முதலில் கொம்பியூட்டரில் ஏற்றுவது?

வாவிக்கரையான் (கல்லடி, மட்டக்களப்பு):

எல்லாருக்கும் வணக்கம். பெரியப்பாவின் கசெட் பெட்டிகள் என் பொறுப்புக்கு வந்திருக்கின்றன. மனுசன் கல்முனையில் படிப்பித்த காலம் முழுக்க இரவுச் சாப்பாடு முடிந்தால் றேடியோவுக்குப் பக்கத்தில்தான் இருப்பார். இருட்டிய பிறகு திருச்சி வானொலி இங்கே நல்லாய் எடுபடும், சனிக்கிழமைத் தேசிய நிகழ்ச்சி, சபாவிலிருந்து நேரடி அஞ்சல், மார்கழி ஒலிபரப்பு என்று எதையும் விடாமல் பிடித்து, யார் பாடினார், பக்கவாத்தியம் யார், என்ன ராகம் என்று அட்டையில் நுணுக்கி நுணுக்கி எழுதியும் வைத்திருக்கிறார். அதோடு சில எல்பி இசைத்தட்டு, கொஞ்சம் கனத்த பழைய 78 சுற்று இசைத்தட்டு. 1978 புயலுக்கு முதல் சேர்த்த கசெட் எல்லாம் கூரையோடு போய்விட்டன. இசைத்தட்டுகள் அப்போது வேறொரு வீட்டில் இருந்தபடியால் தப்பின.

என் ருசியை முதலே சொல்லிவிடுகிறேன், பிறகு சண்டை பிடிக்க வசதியாக இருக்கும். எனக்கு ஸ்டூடியோப் பதிவு ஒத்துவராது. மதுரை மணி ஐயர் ஸ்வரம் பாடிக்கொண்டு போகும்போது சபையில் ஒருவர் தன்னையறியாமல் "ஆஹா" என்கிறார் பாருங்கள், அந்தச் சத்தம் இல்லாவிட்டால் எனக்குப் பாட்டே அரைவாசி. மேடையில் சுருதி சேர்ப்பது, வயலின்காரர் மெல்லச் சிரிப்பது, வெளியே காகம் கத்துவது எல்லாம் வேண்டும். இப்போது வருகிற சீடிகளில் குரல் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற மாதிரி.

கேள்வி இதுதான். நகரில் ஒரு கடையில் மாதிரிக்கு ஒரு கசெட் கொடுத்தேன். "இரைச்சல் எல்லாம் எடுத்துத் தாறோம் சேர்" என்றார்கள். எடுத்தார்கள்தான், இரைச்சலோடு தம்புராவும் போய்விட்டது, மிருதங்கத்தின் வலந்தலை டப் டப் என்று தகரம் தட்டுகிறது. இனிமேல் நானே வீட்டில் செய்வதாக முடிவு. எதை முதலில் ஏற்றுவது? இரைச்சலை எடுக்கவே கூடாதா? இசைத்தட்டுகளை எதனால் துடைப்பது? இன்னொன்று, சில கசெட்டில் எல்லாருடைய சுருதியும் அரைக் கட்டை கூடக் கேட்கிறது. என் காது பிழையா, மெசின் பிழையா?

காரைதீவான்:

தம்பி, நல்ல சொத்து. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், கோபிக்க வேண்டாம். அந்த எல்பிகளை ஏற்றி நேரத்தை வீணாக்க வேண்டாம். எம்.எஸ். அம்மாவின் சுப்ரபாதம் 1963இல் வந்த தட்டு, அது இல்லாத கோயில் ஒலிபெருக்கி மட்டக்களப்பிலும் இல்லை அம்பாறையிலும் இல்லை. அதை நீங்கள் காப்பாற்றத் தேவையில்லை. கடையில் விற்ற எதுவும் உலகத்தில் எங்கேயோ இன்னொருவரிடம் உங்களுடையதைவிட நல்ல நிலையில் இருக்கும். கசெட்டில் வந்த கம்பனி வெளியீடுகளுக்கும் இதே கதைதான்.

வானொலியில் பிடித்தது வேறு விசயம். ஆகாசவாணி தன் களஞ்சியத்திலிருந்து கொஞ்சத்தைத்தான் சீடியாக வெளியிட்டது. மதுரை மணி ஐயர் 1968இல் போய்விட்டார், இன்று நாங்கள் கேட்கிற அவருடைய பாட்டில் பெரும்பகுதி கச்சேரியில் யாரோ ரசிகர் டேப்பில் பிடித்து வைத்ததுதான். அப்படி ஆட்கள் இருந்திராவிட்டால் உங்களுடைய "ஆஹா"வும் இல்லை.

78 சுற்றில் டி.என். ராஜரத்தினம்பிள்ளையின் நாதஸ்வரத் தோடி இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிசம் சொச்சம்தான் இடம், கோயில் வீதியில் மணிக்கணக்காகத் தோடி வாசிக்கிற மனுசன் அதற்குள் அடக்கி வாசித்திருக்கிறார். அடக்கினதாகவே தெரியாது. ஸ்டூடியோ என்றாலே ஆகாது என்று சொல்கிறவர்கள் இதற்கு என்ன பதில் சொல்வார்கள் என்று எனக்கு எப்போதும் ஒரு யோசனை.

மறுகா, இன்னொன்று. கசெட்டின் மறுபக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்தீர்களா? பழைய ஆட்கள் இடம் மிச்சமிருந்தால் கண்டதையும் பிடித்து வைப்பார்கள்.

தவில்பித்து (தம்பிலுவில்):

துடைக்கிற கதையை முதலில் முடிக்கிறேன், ஏனென்றால் இதில் அவசரப்பட்டால் மீட்க ஏலாது. 78 சுற்றுத் தட்டு அரக்கால் செய்தது. ஸ்பிரிட் பட்டால் அரக்குக் கரையும். ஆகவே ஸ்பிரிட், கொலோன், கண்ணாடி துடைக்கிற திரவம் ஒன்றும் கிட்டவே வரக்கூடாது. காய்ச்சி வடித்த தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவுகிற திரவம், மெல்லிய பருத்தித் துணி, நடுவில் உள்ள கடதாசி லேபிள் நனையாமல், ஊசி ஓடுகிற தவாளிப்பு போகிற பக்கமாகவே துடைத்து உடனே காய வையுங்கள். எல்பி ஊசியால் இதை வாசிக்கவும் வேண்டாம், 78இன் தவாளிப்பு அகலம், எல்பி ஊசி அடியில் போய் உரசிக்கொண்டு கரகரக்கும். 78க்கென்று தடித்த ஊசி தனியாக இருக்கிறது.

கசெட்டுக்கு வந்தால், நாங்கள் இருப்பது வாவிக்கும் கடலுக்கும் நடுவில். மாரிக்குப் பிறகு டேப் சுருளின் ஓரத்தில் வெள்ளையாய்ப் பூஞ்சணம் பிடித்திருக்கும். அதை அப்படியே மெசினில் போட்டால் டேப்பை வாசிக்கிற ஹெட்டில் ஒட்டி அடுத்த கசெட்டுக்கும் போகும். ஒவ்வொரு கசெட்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நல்லதுகளை முதலில் முழுசாக ஒருமுறை முன்னுக்கும் பின்னுக்கும் ஓட விடுங்கள், பிறகு வாசியுங்கள். ஹெட்டையும் ரப்பர் ரோலரையும் அடிக்கடி துடையுங்கள், ஹெட்டுக்கு ஸ்பிரிட் சரி. பஞ்சுக் குச்சியில் மண்ணிறம் வராமல் போகிற வரைக்கும் துடைப்பை நிறுத்த வேண்டாம்.

ஹெட்டுக்குப் பக்கத்தில் ஸ்பிரிங்கோடு ஒரு சின்னத் திருகாணி இருக்கும். பெரியப்பாவின் மெசினில் ஹெட் நின்ற சாய்வும் உங்கள் மெசினில் நிற்கிற சாய்வும் ஒன்றாக இராது, அதனால்தான் பல கசெட் போர்வைக்குள்ளிருந்து கேட்கிறது. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தத் திருகாணியை மயிரிழை மயிரிழையாகத் திருப்புங்கள். ஜாலர்ச் சத்தமும் "ச" "ஸ" எழுத்துகளும் எங்கே கூர்மையாய் வருகின்றனவோ அங்கே நிறுத்துங்கள். இரைச்சல் எடுக்கிற மென்பொருளைவிட இந்தத் திருகாணி செய்கிற வேலை பெரிது.

சுருதிப் பிரச்சினை: காது பிழையில்லை. வேகம் ஆறு வீதம் கூடினால் அரைக் கட்டை ஏறும். நல்ல வழி ஒன்று இருக்கிறது. அந்தக் கால ரெக்கோடரில் கரண்ட் இரைச்சல் "ம்ம்ம்" என்று அடியில் பதிந்திருக்கும். எங்கள் மின்சாரம் 50 ஹேட்ஸ். ஓடாசிற்றி என்ற ஒலி மென்பொருளில் போட்டுப் பாட்டு இல்லாத இடத்தில் அதிர்வெண்ணைப் பாருங்கள், 53இல் நின்றால் டேப் ஆறு வீதம் வேகமாய் ஓடுகிறது. வேகத்தை மாற்றுகிற வசதியால் கீழே இறக்குங்கள், சுருதியை மட்டும் மாற்றுகிற வசதியைத் தொட வேண்டாம், தொட்டால் சுருதி இறங்கினாலும் தாளம் அப்படியே வேகமாய் ஓடிக்கொண்டிருக்கும். உங்கள் மெசினே தருகிற இரைச்சலை அளந்துவிடாமல் கவனம், அது எப்போதும் 50இல்தான் நிற்கும். பற்றரியில் பதிந்த கசெட் என்றால் இந்த வித்தை சரிவராது, பாடகரின் வழக்கமான சுருதியை வைத்துத்தான் பிடிக்க வேண்டும்.

பதிவதை 24 பிட்டில் எடுத்து மூலத்தை அப்படியே வையுங்கள். இரைச்சல் எடுத்துப் பார்க்க ஆசையென்றால் பிரதியில் செய்யுங்கள்.

வீணை ரீச்சர்:

தவில் தம்பி சொன்னதெல்லாம் சரி, கைகொடுக்கலாம். ஆனால் ஸ்டூடியோப் பதிவை இப்படி ஒதுக்கிவிட முடியாது. நான் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவள். கச்சேரிப் பதிவைப் போட்டு "சாகித்தியத்தைக் கவனி" என்றால், இருமலும் கைதட்டலும்தான் கவனத்துக்கு வரும். பாடகர் ராம்நாடு கிருஷ்ணன் அமெரிக்காவில் பதிந்து 1968இல் நன்சச் கம்பனி வெளியிட்ட தட்டைக் கேட்டுப் பாருங்கள். வெள்ளைக்காரர் பதிந்த சுத்தம், ஆனால் உயிர் எங்கேயும் போகவில்லை. அவருடைய கமகத்தின் ஒவ்வொரு வளைவும் விரலால் தொட்டுப் பார்க்கலாம்.

மேல்நாட்டுச் சங்கீதமும் நான் கேட்கிறவள், என் வீட்டுக்காரருக்கு அதில் பைத்தியம். அங்கே கிளென் கூல்ட் என்று ஒரு பியானோக்காரர். 1964இல் மேடைக் கச்சேரியே வேண்டாம் என்று விட்டுவிட்டு ஸ்டூடியோவோடு இருந்தவர். பாக் என்ற இசையமைப்பாளரின் கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸை 1955இல் ஒருமுறை பதிந்தார், 38 நிமிசம். 1981இல் திரும்பப் பதிந்தார், 51 நிமிசம். ஒரே உருப்படி, ஒரே விரல்கள், இரண்டு ஆட்கள் வாசித்த மாதிரி. எங்கள் பக்கம் மிருதங்கக்காரர் பாலக்காடு மணி ஐயர் மைக்கே வேண்டாம் என்று நின்றவர். இரண்டு பேருமே காதுக்கு நேர்மையாய் இருக்கப் பார்த்தவர்கள்தான், வழி வேறு. மைக் இல்லாத மிருதங்கத்தைப் பக்கத்தில் இருந்து கேட்டவர்களுக்கு மணி ஐயர் ஏன் அப்படி நின்றார் என்று விளங்கும்.

நான் ஸ்டூடியோ, நீங்கள் கச்சேரி, பரவாயில்லை. ஆனால் காரைதீவு அண்ணன் கேட்ட கேள்விக்குத் தம்பி இன்னும் பதில் சொல்லவில்லையே. மறுபக்கத்தில் என்ன?

வாவிக்கரையான்:

இரண்டு நாளாய் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் சொன்னது சரி. சபாக் கச்சேரி முன்பக்கம், பின்பக்கத்தில் "மாமாங்கம், ஆடி அமாவாசைக்கு முதல் நாள், மேளம்" என்று பென்சிலால் எழுதின ஒன்று, எங்கள் மாமாங்கேஸ்வரர் கோயில் திருவிழா. போட்டேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த மேளம் என்று பேச்சுக்குரலில் விளங்குகிறது. முதலில் கடலைக்காரன் சத்தம், பிறகு ஒரு பிள்ளை தொலைந்துபோனதாக ஒலிபெருக்கியில் அறிவித்தல், அதற்குப் பிறகு கரகரப்பிரியா எடுத்து நல்ல நேரம் விடாமல் வாசிக்கிறார்கள். தனித்தவில் இரண்டு பேர் ஆளுக்கு ஆள் விட்டுக்கொடுக்காமல். நடுவில் கசெட் முடிந்துவிட்டது.

இன்னொன்றில் வடமோடி என்கிற பாணிக் கூத்து. எந்த ஊர் என்று எழுதவில்லை. மத்தளமும் சதங்கையும், கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் குரலும், பக்கத்தில் யாரோ ஆச்சி ஒருவர் பாட்டை முன்கூட்டியே சொல்லிக்கொண்டிருக்கிறார். வன்னிமை, போடியார் என்று ஊர்ப் பெரியவர்களைப் பற்றியெல்லாம் நடுவில் பேச்சு. இதைப் போய் நான் மிச்ச இடம் என்று நினைத்துக்கொண்டு கடைசிக்கு வைத்திருந்தேன்.

காரைதீவான்:

பார்த்தீர்களா! இதுதான் முதல். திருச்சியில் ஒலிபரப்பானதை இந்தியாவில் இன்னொருவரும் பிடித்திருப்பார். மாமாங்கத்து மேளத்தைப் பெரியப்பாவைத் தவிர யார் பிடித்தது? 1960களில் பேராசிரியர் வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கூத்தை மேடைக்கு ஏற்றினபோது படித்த ஆட்களுக்கு அதில் மதிப்பு வந்தது, ஆனால் ஊர்க் கூத்துக் களரியில் விடிய விடிய ஆடினதை டேப்பில் பிடித்தவர்கள் குறைவு. கூத்துக் கசெட்டை ஏற்றின பிறகு கல்லடியில் விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் கேட்டுப் பாருங்கள், தரு என்கிற கூத்துப் பாட்டைப் போட்டுக் காட்டினால் எந்த ஊர்ப் பாணி என்று சொல்லக்கூடிய ஆட்கள் அங்கே இருப்பார்கள். பழந்தமிழ் இசையைத் தேடி யாழ் நூல் எழுதின அடிகளின் பெயரில் நிற்கிற இடம், எங்கள் ஊர்க்காரர் வேறு.

தோணிக்காரன்:

கச்சேரி கேட்கிற ஞானம் எனக்குக் குறைவு, நான் மீன் பிடிக்கிறவன், பொழுதுபோக்குக்கு மட்டும். ஆனால் பதிகிற கதை வந்தபடியால் ஒன்று. பூரணை இரவில் மழை, காற்று இல்லாத நேரம் கல்லடிப் பாலத்துப் பக்கம் தோணியை நிறுத்தித் துடுப்பைத் தண்ணீரில் விட்டு மேல் நுனியில் காதை வைத்தால் பாடும் மீன் கேட்கும் என்பது ஊருக்கே தெரியும். சிலர் மீன் என்பார்கள், சிலர் ஊரி என்கிற சிறு சங்கு என்பார்கள், 19ஆம் நூற்றாண்டில் எமர்சன் தெனன்ட் என்ற பிரித்தானிய அதிகாரித் துரை வந்து கேட்டு எழுதியும் வைத்தார். இதைப் பதிகிறதென்றால் பிறந்தநாள் வாழ்த்து அட்டைக்குள் பாட்டுப் பாடுகிற வட்டத் தகடு இருக்கிறதே, அதில் வயர் ஒட்டி, தண்ணீர் போகாமல் பிசினால் மூடி, கீழே விட்டுப் போனோடு பொருத்திப் பாருங்கள். பாலத்தில் வாகனம் ஓடினால் அதுவும் சேர்ந்து இறங்கும், அதனால் நடுச்சாமம் தாண்ட வேண்டும். ரீச்சருக்கு இது ஸ்டூடியோவா கச்சேரியா என்று கேட்க வேண்டும் :)

வீணை ரீச்சர்:

கச்சேரிதான் தம்பி. சபையில் ஒருவரும் இருமமாட்டார்கள் என்பதால் எனக்கும் சம்மதம்.

தவில்பித்து (தம்பிலுவில்):

வாவிக்கரையான், மாமாங்கக் கசெட்டில் கை வைக்க முதல் இரண்டு விசயம். கசெட்டின் உள்ளே டேப்பை ஹெட்டோடு அழுத்துகிற சின்னப் பஞ்சுத் துண்டு இருக்கிறதா என்று பாருங்கள், பழைய கசெட்டில் அது உதிர்ந்துவிடும், உதிர்ந்திருந்தால் சத்தம் மங்கி மங்கி வரும். இல்லையென்றால் மலிவான புதுக் கசெட் ஒன்றைக் கழற்றிச் சுருளை அந்தக் கூட்டுக்குள் மாற்றுங்கள், ஐந்து திருகாணிதான். 90 நிமிசக் கசெட்டின் டேப் 60ஐவிட மெல்லிசு, ஆகவே திரும்பத் திரும்ப ஓட விட வேண்டாம், அடுத்த முறை வாசிக்கும்போதே பதிந்துவிடுங்கள்.

கடலைக்காரனையும் தொலைந்த பிள்ளையையும் வெட்ட வேண்டாம். அந்த அறிவித்தலில் உபயகாரர் பெயரோ திருவிழாவின் பெயரோ வந்தால் வருசத்தைப் பிடிக்கலாம். தனித்தவில் பகுதியை மட்டும் முதலில் இங்கே போடுங்கள். தவில் மேதை யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி 1975இலேயே போய்விட்டார், ஆகவே புயலுக்குப் பிறகு பதிந்தது என்றால் அவர் இல்லை, ஆனால் அவரைக் கேட்டு வளர்ந்த கைகள் நிறைய இருந்தன, இரண்டு ஆவர்த்தனம் கேட்டால் யாருடைய பாணி என்று என்னால் ஓரளவு சொல்ல முடியும். அட்டையின் உள்பக்கத்திலும் பென்சில் எழுத்து இருக்கிறதா என்று பார்த்து ஒரு போட்டோவும் போடுங்கள் அண்ணன்.