சைக்காலஜிஸ்ட்டிடம் ஐந்து தடவை போயாயிற்று, ஒரு யோசனைகூடச் சொல்லவில்லை. இப்படித்தான் இருக்குமா?

சாட்ஸ்வொர்த்_மருமகள்:
எல்லோருக்கும் வணக்கம். மதுரையிலிருந்து கல்யாணமாகி தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. மார்ச்சில் ஒரு ராத்திரி வேலை முடிந்து வந்து, வாசல் கேட் திறக்கட்டும் என்று காத்திருந்த அரை நிமிஷத்தில் துப்பாக்கியைக் காட்டிக் காரைப் பறித்துக்கொண்டு போய்விட்டார்கள். உடம்பில் ஒரு கீறல் இல்லை. ஆனால் அன்றிலிருந்து கேட் முன்னால் வண்டி நின்றாலே கை நடுங்குகிறது, ஓட்டுவதையே விட்டுவிட்டேன். ஒரு சைக்காலஜிஸ்ட்டிடம் ஐந்து தடவை போனேன். ஐம்பது நிமிஷமும் கேட்கிறார், குறித்துக்கொள்கிறார், நான் பேசாவிட்டால் அவரும் பேசுவதில்லை. "நான் என்ன செய்யட்டும்?" என்று நேராகவே கேட்டதற்கு "உங்களுக்கு என்ன தோன்றுகிறது?" என்கிறார். தோன்றினால் நான் ஏன் அங்கே போகிறேன்? மாமியார் மாரியம்மன் கோவிலில் கயிறு கட்டிக்கொள் என்கிறார், அதுவாவது இலவசம். ஆளை மாற்றவா, பொறுத்திருக்கவா?

லெனேசியா_அண்ணன்:
மௌன விரதத்துக்குக் காசா, தங்கச்சி? மாற்று. அப்புறம் ஒன்று, மெடிக்கல் எய்டுக்கு (நம் மருத்துவச் செலவுக் காப்பீடு) அனுப்பும் பில்லில் நோய்க்கான ஐசிடி-10 குறியீடு போடுவார்கள். அட்டை உன் வீட்டுக்காரர் பெயரில் இருந்தால் கணக்கு அவருக்குப் போகும். சிலருக்கு அது பிடிக்காது.

பீனிக்ஸ்_கவுன்சலர்:
அண்ணா, கொஞ்சம் பொறுங்கள். யோசனை சொல்லாமல் இருப்பதும் ஒரு முறைதான். அமெரிக்காவில் கார்ல் ரோஜர்ஸ் 1940களிலிருந்தே வற்புறுத்தியது அது. வந்தவர் தன் வாழ்க்கையைத் தானே நன்றாக அறிந்தவர், தீர்ப்புச் சொல்லாமல், நடிக்காமல், அவர் பக்கம் நின்று கேட்டால் அவரே வழி கண்டுபிடிப்பார் என்பது அவர் கட்சி. 'நோயாளி' என்ற சொல்லையே அவர் தவிர்த்தார். துக்கத்தோடும் குடும்பக் குழப்பத்தோடும் வருகிறவர்களிடம் இது எப்படி வேலை செய்கிறது என்பதை நானே பார்த்திருக்கிறேன்.

ஆனால் அக்கா, உங்கள் விஷயம் கேட். கேட் முன்னால் வரும் பயத்துக்கு வெறும் கேட்பது போதாது என்றுதான் எனக்குப் படுகிறது. அதற்கான வழியில் முக்கியமான ஒன்று நம் ஜோஹன்னஸ்பர்க்கிலேயே உருவானது, பலருக்குத் தெரியாது. ஜோசப் வோல்பே அங்கே பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் ராணுவ டாக்டராக இருந்தபோது, பயந்து நொறுங்கிப்போன சிப்பாய்களுக்கு மருந்து கொடுத்துப் பேச வைத்துப் பார்த்தார், அதில் பெரிய பலன் இல்லை. அதனால் வேறு மாதிரி யோசித்தார்: உடம்பைத் தளர்த்தப் பழக்கிவிட்டு, பயப்படும் விஷயங்களை லேசானதிலிருந்து கடுமையானதுவரை வரிசைப்படுத்தி, ஒவ்வொரு படியாக மனதில் கொண்டுவரச் செய்வது. ஒரு படியில் பதற்றம் அடங்காமல் அடுத்ததற்குப் போகக் கூடாது. இன்றைக்குப் பெரும்பாலும் கற்பனையோடு நிறுத்தாமல் நிஜ இடத்துக்கே அழைத்துப் போகிறார்கள்.

மாற்றுவதற்கு முன்னால் அவரிடமே கேளுங்கள்: எந்த முறையில் போகிறோம், எத்தனை தடவை, குணமாகிறதா என்று எப்படித் தெரியும்? கோபமாக இருந்தால் அதையும் சொல்லுங்கள். அதைக் கேட்டு முகம் சுளிப்பவராக இருந்தால் யோசிக்காமல் மாற்றிவிடலாம். பதிவு செய்தவர்தானா என்பதை, சைக்காலஜிஸ்ட்டுகளைப் பதிவு செய்யும் கவுன்சிலான ஹெச்பிசிஎஸ்ஏ-யின் இணையதளத்தில் பெயர் போட்டுப் பார்க்கலாம். கயிறும் கட்டிக்கொள்ளுங்கள், இரண்டுக்கும் சண்டை இல்லை.

சாட்ஸ்வொர்த்_மருமகள்:
நேற்றுப் போய்ச் சண்டை போடுகிற மாதிரியே கேட்டுவிட்டேன். கோபப்படவில்லை, சிரித்தார். முதலில் நான் தூங்குகிறேனா, வீட்டில் யாரை நம்புகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தாராம். சரி, அதை முதல் நாளே சொல்லியிருக்கலாம்! இப்போது பத்துப் படி எழுதியிருக்கிறோம். முதல் படி, பூட்டிய கராஜுக்குள் எஞ்சின் போடாமல் ஓட்டுநர் சீட்டில் உட்கார்வது. பத்தாவது என்ன என்று உங்களுக்கே தெரியும்.

இன்னொன்றும் நடந்தது. அந்த ராத்திரியை ஒரு தடவை தமிழில் சொல்லுங்கள், எனக்குப் புரியாவிட்டால் பரவாயில்லை என்றார். இங்கிலீஷில் ஐந்து தடவை சொல்லியும் வராத அழுகை, "ஐயோ, விட்டுடுங்க" என்ற இடத்தில் வந்துவிட்டது. அன்றைக்கு நான் கத்தியது தமிழில்தான் என்பதே எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

சாவி இன்னும் வீட்டுக்காரரிடம்தான் இருக்கிறது. சனிக்கிழமை கராஜ்.