கண் சிமிட்டல், தொண்டைச் செருமல்: டூரெட் சின்ட்ரோமா?

காரைக்குடி டீச்சர்:
நாலாம் வகுப்புப் பையன். ஒன்றரை வருஷமா கண்ணைப் படபடன்னு சிமிட்டுறான், தோளைச் சட்டுன்னு வெட்டுறான். ஆறு மாசமா தொண்டைச் செருமலும் சேர்ந்திருக்கு. சொட்டு மருந்து, இருமல் டானிக் எல்லாம் ஆச்சு. அவன் அப்பத்தா மந்திரிச்சுக் கயிறு கட்டினதும் ரெண்டு வாரம் குறைஞ்சு, திரும்ப வந்துருச்சு. வேணும்னே செய்றானா?

குழந்தை நரம்பியல்:
இல்லைங்க டீச்சர். வேணும்னு செய்யாமலே திடீர்னு திரும்பத் திரும்ப வர்ற அசைவு, சத்தத்தை 'டிக்'னு சொல்வோம். குறைஞ்சது ரெண்டு அசைவு டிக், ஒரு சத்த டிக், 18 வயசுக்குள்ள தொடங்கி ஒரு வருஷம் தாண்டினா டூரெட். நீங்க சொல்றது பொருந்துது. நேர்ல பார்த்துத்தான் உறுதி பண்ணணும். பெரும்பாலும் ஸ்கேன், ஈஈஜி (மூளை மின்னலைப் பதிவு) தேவைப்படாது.

டிக் தானா ஏறும், தானா இறங்கும். உச்சத்துல இருக்கப்பதான் பதறிப்போய்க் கயிறு கட்டுவாங்க. அடுத்து இறங்கத்தானே செய்யும்? பேரு கயிறுக்கு! மூளையில அசைவை வடிகட்டுற பேசல் கேங்லியாங்கிற பகுதியோட நரம்புச் சுற்றுலயும், டோபமின்ங்கிற மூளை ரசாயனத்துலயும்தான் கோளாறு. பரம்பரைக்குப் பங்கு உண்டு, வளர்ப்புக்கு இல்லை. கெட்ட வார்த்தை கத்துறது பத்துல ஒருத்தருக்குத்தான்.

காய்ச்சல், தொண்டை வலி வந்து சில வாரத்துல கைகால் நெளிய ஆரம்பிச்சா அது வேற நோய், உடனே காட்டுங்க.

மனநல ஆலோசகர்:
முதல்ல பழக்கம் மாற்றும் பயிற்சி. டிக் வர்றதுக்கு முன்னாடி அந்த இடத்துல ஒரு நமைச்சல், இறுக்கம் தெரியும். அதை அவனே கண்டுபிடிக்கணும். தெரிஞ்ச உடனே எதிர் அசைவு: தோளுக்கு, முழங்கையை விலாவோட ஒட்டித் தோளைக் கீழே இறக்கி வைக்கணும், செருமலுக்கு, வாயை மூடி மூக்கால மெதுவா மூச்சு. ஒரு நிமிஷம், இல்லாட்டி உந்துதல் அடங்குற வரை. ஒரு நேரத்துல ஒரே டிக். எல்லாத்தையும் ஒண்ணா ஆரம்பிச்சா பையன் வெறுத்துடுவான்.

காரைக்குடி டீச்சர்:
மாத்திரை?

குழந்தை நரம்பியல்:
வலியோ, படிப்புக்கு இடைஞ்சலோ, கேலியோ இருந்தா மட்டும். குளோனிடின் ராத்திரி சின்ன அளவுல தொடங்குவாங்க; தூக்கம் வரும். திடீர்னு நிறுத்தினா பிரஷர் எகிறும். ரிஸ்பெரிடோன் நல்லா கேட்கும், ஆனா பசி கூடி எடை ஏறும். பொதுவா 10–12 வயசுல உச்சம், பிறகு பலருக்கு அடங்கிடும்.

சிறப்பாசிரியர்:
"செய்யாதே"ன்னு சொன்னா கூடும். மத்த பசங்க திரும்பிப் பார்க்காத ஓர பெஞ்சு, அப்பப்ப வெளியே போய்வர அனுமதி, பரீட்சையில கூடுதல் நேரம் கொடுங்க. தாள் கிழியுற வரைக்கும் அழிச்சு அழிச்சு எழுதுறானா, ஒரு இடத்துல உட்காரவே முடியலையான்னும் கவனிச்சு எழுதி, பெற்றோர் கையில கொடுத்து அனுப்புங்க. ஓசிடி (ஒரே எண்ணம், செயல் திரும்பத் திரும்ப வர்றது), ஏடிஎச்டி (கவனக்குறைவு, அதீத துறுதுறுப்பு) கூட இருந்தா டிக்கைவிட அதுதான் படிப்பைக் கெடுக்கும். மருத்துவர் அதையும் பார்த்துத்தான் மருந்து முடிவு பண்ணுவார். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில குழந்தைகள் பிரிவுல ஆரம்பிக்கலாம்.