28 நாளில் வரும் முடிவுக்கு என்ன பெயர்?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:
அனைவருக்கும் வணக்கம். திங்களன்று கட்டட மேற்பார்வையாளர்களுக்குத் தமிழில் வகுப்பு. இங்கிலாந்தின் 1996 கட்டுமானச் சட்டத்தில் 'அட்ஜூடிகேஷன்' வருகிறது. ஒப்பந்தக்காரர்களுக்குள் பணத் தகராறு என்றால் ஒருவர் 28 நாளில் முடிவு சொல்வார். முதலில் பணத்தைக் கொடு, வழக்கை அப்புறம் பார். 'இடைத்தீர்ப்பு' என்று எழுதியிருக்கிறேன். சரியா?

நகரியிலிருந்து:
இல்லை அம்மா, நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவு என்று நினைத்துவிடுவார்கள். 'கைத்தீர்ப்பு' எப்படி? கைமாற்றுபோல, கணக்கைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம்.

செங்கோட்டையிலிருந்து:
தீர்ப்பு என்பதே பிழை. "தீர்தலும் தீர்த்தலும் விடற்பொருட் டாகும்" என்கிறது தொல்காப்பியம்; தீர்தல் என்றால் விட்டு நீங்குதல். மறுபடி திறக்கக்கூடியது எப்படித் தீர்ந்ததாகும்? 'நடுவுரை' என்க.

கொழிஞ்சாம்பாறை:
ஐயா, நடுவுரையை முன்னுரைக்கும் முடிவுரைக்கும் நடுவில் தேடுவார்கள்! எனக்குச் சிக்கல் அடுத்த பத்தியில். ஜெயித்த நிறுவனமே நொடித்திருந்தால்? கொடுத்த பணம், பின்னால் வழக்கு மாறினாலும் திரும்பாது. 2000இல் புயிக் எதிர் டால்-ஜென்சன் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம், முடிவு செல்லும் என்றது; ஆனால் பணம் பெறவேண்டிய நிறுவனம் மூடிக் கலைக்கப்படும் நிலையில் இருந்ததால் நிறைவேற்றத்தை நிறுத்திவைத்தது. 2020இல் பிரெஸ்கோ வழக்கில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம், நொடித்த நிறுவனமும் அட்ஜூடிகேஷனுக்கு வரலாம் என்றது. பணம் கைக்கு வருமா என்பது வேறு. இந்த நிலைக்கு என்ன சொல்? எங்கள் கேரளப் பக்கம் 'பாப்பர்' என்போம்.

நகரி:
இங்கே 'ஐ.பி. போட்டான்', அதாவது திவால் மனு போட்டான். தெலுங்குக்காரரும் 'ஐ.பி. பெட்டாடு' என்பார். நாம் ஈ.பி. (தீர்ப்பை நிறைவேற்றக் கோரும் மனு) போடுவதற்குள் எதிராளி ஐ.பி. போட்டிருப்பான். நம் 2016 திவால் சட்டத்தின் 14ஆம் பிரிவுத் தடைக்காலம் தொடங்கினால் அந்த நிறுவனத்தின்மேல் டிகிரி (நீதிமன்றத் தீர்ப்பாணை) நிறைவேற்றமும் நின்றுவிடும். அங்குள்ள நிறுத்திவைப்பையும் இங்குள்ள தடைக்காலத்தையும் ஒரே சொல்லால் குறிக்காதீர்கள். அங்கே நொடித்தவர் பணம் வாங்குபவர், இங்கே கொடுக்கவேண்டியவர்.

செங்கோட்டை:
பாப்பரும் வேண்டாம், திவாலும் வேண்டாம். 'நொடிப்பு' நல்ல சொல். சுந்தரர் கயிலையை நொடித்தான்மலை என்றார். நொடித்தல் அழித்தல். அழிப்பவன் மலை.

நகரி:
எங்கள் ஒப்பந்தக்காரர்களும் கடைசியில் அங்கேதான் போகிறார்கள் ஐயா.

கொழிஞ்சாம்பாறை:
நொடிப்பு, தடைக்காலம், நிறுத்திவைப்பு மூன்றையும் எடுத்துக்கொண்டேன். கைத்தீர்ப்பு என்றே அச்சுக்குக் கொடுக்கிறேன், நேரமில்லை. வகுப்பில் 'ஐ.பி.' என்றுதான் பேசப்போகிறேன்.

செங்கோட்டை:
என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். நடுவுரை.